நடையும் நினைவும்



சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நமது கோவிலில் சிலுவைப்பாதையைப் பல்லாண்டுகளாக முன்னின்று வாசித்து வரும் பெரியவர் ஒருவர், ஒன்பதாம் நிலையை வாசித்து முடித்தபின், மறுபடியும் ஏழாம் நிலைக்குத் திரும்பி அதையே வாசிக்கத் தொடங்கினார். ஏழிலும் ஒன்பதிலும் ஆண்டவர் சிலுவையின் பாரத்தால் கீழே விழுகிறார் அல்லவா? அதனால் தடுமாறிவிட்டார் போலும் என்று பீடத்தருகில் நின்ற நாமும் எண்ணினோம். இளைஞர் சிலர் புன்னகைத்தனர். 'வயதாகிவிட்டது, பாவம்' என்று பெண்கள் பகுதியில் ஒரு குரல் கேட்டது.

அருகில் சென்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அவருடைய சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. புத்தகம் பிடித்த விரல்கள் நடுங்கின. நாம் பெயர் சொல்லி அழைத்தும், யாரென்று அறியாதவர்போல் விழித்தார். கோவில் பிள்ளை ஓடிச்சென்று சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்துக் கால் மணி நேரம் சென்றபின் பெரியவருக்குத் தெளிவு பிறந்தது. பன்னிரண்டாம் நிலையை அவரே எழுந்து வாசித்தார்.

நடந்தது இதுதான். அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய். அன்று ஒருசந்தி என்று காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. ஆனால் சர்க்கரைக்கான மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். போதாததற்கு, நேரமாகிவிட்டதே என்று வீட்டிலிருந்து கோவில்வரை ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். மாத்திரையும் பட்டினியும் வேகநடையும் ஒன்றாய்ச் சேர்ந்து, இரத்தத்தில் இருந்த சர்க்கரையை அடிமட்டத்திற்கு இறக்கிவிட்டன.

ஒரு வாரம் கழித்து அவருடைய மகள் பங்கு இல்லத்திற்கு வந்தார். அன்று ஒரு நாள் மட்டுமல்ல, சில மாதங்களாகவே அப்பாவுக்கு மறதி கூடி வருகிறதென்றும், சாப்பிட்டதை மறந்து மீண்டும் கேட்கிறாரென்றும், தெரிந்த தெருவிலேயே வழி தப்பி நிற்கிறாரென்றும் கண்ணீருடன் கூறினார். உடன் வந்த பெரியவரோ நம்மிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாமி, டாக்டர் நட நட என்கிறார். நடந்து வந்த அன்றுதான் மயக்கம் வந்தது. நான் நடக்கலாமா, கூடாதா? நடப்பதென்றால் எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும்?"

நாம் மருத்துவர் அல்லோம். எனினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. சிதம்பரத்திலும் கடலூரிலும் நமக்குப் பழக்கமான மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்ததை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். ஏனெனில் இது ஒரு பெரியவரின் கேள்வி மட்டுமன்று.

கரும்பு விளையும் மண்ணில்

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கி வரும் பழம்பெரும் ஆலை. அதற்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் காணாத கடலூர் மாவட்டத்தார் யார்? நமக்கு வாழ்வு தந்த அந்தச் சர்க்கரை, இன்று வேறு வடிவில் வீடுதோறும் புகுந்திருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி 2021-இல் இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசற்படியில் நின்றனர். வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் நோயாளிகள் என்பது நாட்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் அது 14-க்கும் மேல். நமக்கு அண்டையில் உள்ள புதுவையிலோ 26-க்கும் மேல், அதாவது ஏறக்குறைய நால்வரில் ஒருவர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தால் இக்கணக்கு பொய்யன்று என்பது விளங்கும்.

இந்நோய் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் புண் வைக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அது மூளையையும் தொடும் என்பதைப் பலர் அறியார். நீரிழிவு இல்லாதவரைவிட, அது உள்ளவருக்கு முதுமையில் நினைவிழப்பு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. 60 வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், நினைவிழப்பு நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு கணித்தது. நாம் 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லால் மூடிவைக்கும் துன்பம் எத்தனை வீடுகளில் இருக்கிறது!

மூளைக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு?

நமது உடலின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி பெரும்பாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையிலிருந்தே வருகிறது. ஆகவே சர்க்கரை மிகக் குறைந்தால் மூளை உடனே தடுமாறும். சிலுவைப்பாதையில் நாம் கண்டது அதுவே. மாறாக, ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்திருந்தால், மூளைக்கு உணவும் உயிர்க்காற்றும் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகிப் பழுதடைகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வயல் எப்படி வாடுமோ, அப்படி மூளையின் பகுதிகள் வாடுகின்றன. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலை மூளையின் உயிரணுக்களையும் பாதிக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

இங்கேதான் நடை வந்து உதவுகிறது. இன்சுலின் என்பது தசையின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடும் திறவுகோல். நீரிழிவில் அந்தத் திறவுகோல் சரியாகத் திரும்புவதில்லை. ஆனால் உழைக்கின்ற தசை, திறவுகோலுக்குக் காத்திராமல், தானே வேறொரு கதவைத் திறந்து இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அத்துடன் உடற்பயிற்சி இரத்த ஓட்டத்தைச் சீராக்குகிறது. மூளையின் உயிரணுக்களுக்கு உரம்போன்ற சில பொருள்கள் சுரக்கவும் துணைசெய்கிறது.

இதற்கு ஒரு சான்று. மூளையினுள் நினைவைக் காக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. கடற்குதிரையின் வடிவில் இருப்பதால் அதற்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். முதுமையில் அது ஆண்டுதோறும் சிறிது சுருங்குவது இயல்பு. அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் என ஓராண்டு நடந்தவர்களுக்கு அப்பகுதி 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது.

எவ்வளவு வேகம்?

பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். மெல்ல நடந்தால் போதுமா? வேகம் வேண்டுமா?

பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டோர் கையில் கருவி கட்டி, அவர்கள் நாளொன்றுக்கு எத்தனை அடி எடுத்துவைக்கின்றனர் என்று எண்ணினார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில், நாளுக்கு சுமார் 3,800 அடி நடந்தவர்களுக்கே நினைவிழப்பு நோய் கால் பங்கு குறைவாகக் காணப்பட்டது. சுமார் 9,800 அடி நடந்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. நாளில் அரை மணியேனும் விரைந்து, நிமிடத்துக்கு 112 அடி என்ற கணக்கில் நடந்தவர்களுக்கு அதனினும் குறைவு. ஆனால் இவர்கள் எல்லோரும் நீரிழிவாளர் அல்லர். மேலும், உடல்நலம் உள்ளவர்தாம் விரைந்து நடப்பர் என்பதால், நடையினால்தான் நலம் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்வதற்குமில்லை.

நீரிழிவாளரை மட்டுமே கொண்டு டென்மார்க் நாட்டில் ஒரு சோதனை செய்தனர். ஒரு சாராரை ஒரே வேகத்தில் நடக்கச் செய்தனர். மற்றொரு சாராரை மூன்று நிமிடம் விரைவாகவும், மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறிமாறி நடக்கச் செய்தனர். இரு சாராரும் செலவிட்ட உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. நான்கு மாத முடிவில், மாறிமாறி நடந்தவர்களுக்கே மூச்சுத் திறனும் சர்க்கரைக் கட்டுப்பாடும் கூடியிருந்தன. இது 2013-இல் வெளியானது. சிறிய சோதனைதான், ஆயினும் வேகத்திற்கும் ஒரு பயன் உண்டு என்பதைக் காட்டுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் மறைக்கலாகாது. அமெரிக்காவில் உடல் பருத்த நீரிழிவாளர் 5,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வைத்துப் பார்த்தனர். எடை குறைந்தது, சர்க்கரையும் குறைந்தது. ஆனால் பின்னாளில் அவர்களுள் சோதிக்கப்பட்டவர்களிடையே, பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் அறிவுத் தளர்ச்சியில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே 'வேகமாக நடந்தால் மறதி போய்விடும்' என்று எவரேனும் வாக்குறுதி தந்தால் நம்பிவிடாதீர்கள். நடை, மூளையைக் காக்கும் வழிகளுள் ஒன்று. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தல், புகையும் மதுவும் விலக்கல், காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்ளல், தனிமையில் ஒடுங்காதிருத்தல் ஆகியவையும் உடன் வேண்டும். நினைவிழப்பு நோயில் ஏறத்தாழ 45 விழுக்காடு, இவ்வாறு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று 2024-இல் உலக மருத்துவ அறிஞர் குழு ஒன்று கூறியது. அந்தப் பதினான்கில் நீரிழிவும் உண்டு, உடலுழைப்பின்மையும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நீரிழிவாளர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்பதும் மருத்துவர் கூற்று.

செபமாலை ஓர் அளவுகோல்

நடுத்தர வேகம் எது, கடும் வேகம் எது என்று அறியக் கருவி ஏதும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே நடுத்தர வேகம் என்பர் மருத்துவர். நமது மக்களுக்கு இதை இன்னும் எளிதாய்ச் சொல்லலாம். கையில் செபமாலையுடன் நடங்கள். அருள் நிறைந்த மரியே செபத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது, ஆனால் மாதா பாடலை இராகத்தோடு பாட மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால், அது நடுத்தர வேகம். பாடவும் முடிகிறதென்றால் இன்னும் சற்று விரையுங்கள். ஓர் அருள் நிறைந்த மரியேயை முடிக்குமுன் இருமுறை மூச்சு வாங்குகிறதென்றால் அது கடும் வேகம். நாள்பட்ட நோயாளர் மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்கலாகாது.

ஐம்பத்து மூன்று மணி சொல்லி முடிக்கக் கால் மணிக்குச் சற்று மேல் ஆகும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொன்னால் அரை மணி நேர நடை முடிந்தது. உடல் தேறியபின், மருத்துவர் சம்மதித்தால், ஒரு தேவ இரகசியத்தை விரைந்தும், அடுத்ததை மெதுவாகவும் சொல்லி நடக்கலாம். டென்மார்க் அறிஞர் கடிகாரம் வைத்துச் செய்ததை நமது பாட்டிமார் மணிகளை வைத்தே செய்யலாம். மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடப்பது, மொத்தமாக முக்கால் மணி நடப்பதற்கு ஈடான பயன் தரும் என்பதும் ஆய்வில் கண்டதே.

எச்சரிக்கை

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்.

இன்சுலின் ஊசி போடுவோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் வெறும் வயிற்றில் வேகமாக நடத்தல் ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்போருக்கு இவ்வாபத்து அரிது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல், காரணமற்ற கோபம், தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணியில் தேறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தேறியபின் உணவு கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி உயிருக்கே கேடாகும். 108-ஐ அழையுங்கள். கடுமையாக உழைத்த நாளில், பல மணி நேரம் கழித்து, இரவில்கூடச் சர்க்கரை இறங்கக்கூடும். இவ்வாறு கடுமையாக இறங்குவது அடிக்கடி நேர்ந்த முதியோரிடம் நினைவிழப்பு நோயும் மிகுதியாகக் காணப்பட்டது என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறிற்று. மூளையைக் காக்க நடக்கப்போய் மூளைக்கே கேடு தேடிக்கொள்ளலாகாது.

நெஞ்சு வலியோ இறுக்கமோ தோன்றினால் அங்கேயே நின்றுவிடுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணின் உட்திரையில் இரத்தக் கசிவு உள்ளோர் கடும் பயிற்சியும் பாரம் தூக்குவதும் தவிர்க்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தோர் எம்.சி.ஆர். செருப்பு அணிந்தே நடக்கவும். இரவில் படுக்குமுன் பாதத்தைப் பார்த்துக்கொள்ளவும். தமக்குக் கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவியுடுத்திக் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களில் நீரிழிவாளர் பலர். தாரில் வெறுங்காலுடன் நடந்து, கொப்புளத்தை வேண்டுதல் என்று பொறுத்து, பின்னர் விரலை இழந்தவரை நாம் அறிவோம். அன்னை தம் பிள்ளையின் காலைக் காணிக்கையாகக் கேட்பதில்லை. செருப்பு அணிந்து செல்லுங்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே சிறிது சிறிதாக நடந்து பழகுங்கள்.

ஒருசந்தியைப் பற்றியும் ஒரு சொல். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 59 வயது நிறைவதுடன் முடிகிறது. அக்கடமையும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாளுக்கே உரியது. நோயுற்றோருக்கு எவ்வயதிலும் அது இல்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கும் முதியோரையும் நோயாளரையும் கட்டுப்படுத்தாது. நமது பெரியவருக்கோ எழுபது வயது கடந்துவிட்டது. அவரிடம் திருச்சபை கேளாத ஒன்றை அவர் செலுத்த வந்து விழுந்தார். ஆண்டுதோறும் ஒருசந்தி நாள்களை அறிவிக்கும் நாம், யாருக்கு அது கடமையில்லை என்பதை ஒருமுறையேனும் தெளிவாகச் சொன்னோமில்லை. அது நமது குறை. இவ்வாண்டு முதல் இரண்டையும் சேர்த்தே அறிவிக்கிறோம்.

குடும்பத்தின் பங்கு

'நடக்க இடம் எங்கே?' என்பார் சிலர். கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளும், அண்ணாமலை நகரின் மரநிழல் சாலைகளும் இருக்கின்றன. விடியற்காலையில் எல்லாச் சமயத்தாரும் அங்கே ஒன்றாய் நடக்கின்றனர். இடமல்ல, துணைதான் பலருக்கு இல்லை. குறிப்பாக நமது பெண்கள், 'வீட்டு வேலையே போதும்' என்று ஒதுங்கிவிடுகின்றனர். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது மூச்சை உயர்த்தும் நடையாகாது. கணவன்மாரே, அந்த அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மருந்துக்கு வழியில்லை என்போர்க்கும் உதவி உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீடு தேடி மருந்து தர ஏற்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோய் வருமுன்னே காப்பதும் இயலும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு ஒழுங்கும் அன்றாட நடையும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை நூற்றுக்கு 28 பங்கு குறைத்தன. மாத்திரை தந்த பயனும் ஏறத்தாழ அவ்வளவே.

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பேசிக்கொண்டே நடந்தனர். ஆண்டவரும் அவர்களுடைய நடைக்கு ஈடாக உடன் நடந்தார். அவரை அறிந்துகொண்டபின் அந்நேரமே எழுந்து, வந்த வழியே எருசலேமுக்கு விரைந்தனர். மெல்ல நடக்க ஒரு நேரம். விரைந்து நடக்க ஒரு நேரம். இரண்டிலும் ஒருவர் தனித்து நடக்கவில்லை.

நமது பெரியவர் இப்போது காலையில் இட்லி இரண்டு உண்டபின், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலத்துடன், பேரனோடு நடக்கிறார். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். தடுமாற்றம் மீண்டும் வரவில்லை. மறதி முற்றிலும் நீங்கிற்று என்று நாம் சொல்லோம். சில பெயர்கள் இன்னும் அவருக்கு நழுவுகின்றன. ஆனால் வழி தப்புவதில்லை. வரும் தவக்காலத்தில் சிலுவைப்பாதையை அவரே வாசிக்கப்போகிறார். அருகில் நின்று, எந்த நிலை என்று விரல் வைத்துக் காட்டப் பேரன் இருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார். இன்று மாலை அவருக்குச் செருப்பை எடுத்து வைத்து, "வாங்க தாத்தா, செபமாலை சொல்லிக்கிட்டே போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.